எந்தச் சரிவு, எந்த மணி, எந்த உயரம்: செய்மதிக் கண்ணில் மலையக மேகங்கள்

ஜூலை மாதத்து நண்பகல் ஒன்றில் எடுத்த செய்மதிப் படத்தில் இலங்கையைத் தேடினால், தீவின் நடுவே ஒரு கோடு கண்ணில் படும். சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து ஹோட்டன் சமவெளிக்கும், அங்கிருந்து பீதுருதாலகாலைக்கும் மலைமுதுகின் வழியே போகும் கோடு அது. அதற்கு மேற்கே மஸ்கெலியா, அட்டன், தலவாக்கலை எல்லாம் வெள்ளைக்குள் மறைந்திருக்கும். கிழக்கே வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் தரை தெரியும். ஆங்காங்கே சிறு மேகத் துண்டுகள் மட்டும் மிதக்கும். அதே தீவை ஜனவரியில் பார்த்தால் வெள்ளை கிழக்கே போயிருக்கும். நமுனுகுலை, மடுல்சீமை, நக்கிள்ஸ் மலைகளின் கிழக்குச் சரிவு எல்லாம் மூடிக் கிடக்க, அட்டன் பக்கம் காலை வெயில் பளிச்சென்று அடிக்கும்.

இந்தப் படங்களை மற்ற மாதங்களோடு கூட்டி வகுத்து, மலைநாட்டின் சராசரி மேகமூட்டம் இத்தனை வீதம் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். கணக்காக அது சரிதான். ஆனால் அந்தக் கோடு எண்ணுக்குள் கரைந்துபோகிறது, மலையில் வாழ்கிறவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கும், உருளைக்கிழங்கு போட்டவருக்கும், சரிவுக்கு அடியில் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் உறங்குகிற குடும்பத்துக்கும் தெரியவேண்டியவை வேறு. மேகம் எந்தச் சரிவில் இருக்கிறது? எந்த மணிக்கு ஏறுகிறது? எந்த உயரத்தில் நிற்கிறது? முதல் கேள்விக்குச் செய்மதிகள் மிக நன்றாக விடை சொல்கின்றன. இரண்டாவதற்கு, சரியான செய்மதியைக் கேட்டால் சொல்கின்றன. மூன்றாவதில்தான் திணறுகின்றன. நம்முடைய உயிர்ப் பிரச்சினை பெரும்பாலும் அந்த மூன்றாவதில் இருக்கிறது.

ஒரு நாளுக்குள் நடப்பது

மார்ச், ஏப்ரல் மாதங்களின் முதலாம் இடைப்பருவத்தில், மேகம் மணிக்கு மணி மாறும் நாள்கணக்கு மிகத் தெளிவாகத் தெரியும். பெருங்காற்று எந்தத் திசையிலிருந்தும் பலமாக வீசாத காலம் என்பதால் வெயிலும் மலையும் மட்டுமே ஆட்டத்தை நடத்துகின்றன. விடியலில் வானம் திறந்திருக்கும், பள்ளத்தாக்குகளின் அடியில் மட்டும் இரவில் குளிர்ந்து தேங்கிய மூடுபனி கிடக்கும். கிழக்கைப் பார்த்த சரிவுகளில் முதலில் வெயில் படுகிறது. சூடான காற்று சரிவைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது, ஏற ஏறக் குளிர்கிறது, முகட்டை எட்டும்போது அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் மலைமுகடுகளின் மேல் மட்டும் வெண்துண்டுகள் வரிசையாக நிற்பதைச் செய்மதிப் படத்தில் காணலாம். அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட்டுக்கும் ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுக்கும் போகிறவர்களை விடியலிலேயே போய்ச் சேரும்படி ஊரார் சொல்வது இதனால்தான்.

நண்பகலில் துண்டுகள் ஒன்றுசேர்கின்றன. அதே நேரத்தில் இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. தீவு சிறியது, மலை அதன் நடுவில் இருக்கிறது, ஆகவே இரண்டு பக்கத்து ஈரமும் மலையை நோக்கியே குவிகிறது. பிற்பகலில் மேகம் கோபுரமாக எழுந்து இடியும் மழையும் தொடங்குகின்றன. கோபுரத்தின் உச்சி 15 கிலோமீற்றர் உயரத்தைத் தொடுவது இங்கே அபூர்வமல்ல. இருட்டிய பின் மழை ஓய்ந்தாலும், உச்சியிலிருந்து பரவிய பனித்துகள் மேகம் பல மணிநேரம் வானில் விரிந்து கிடக்கும். நள்ளிரவு கடந்து அது கலைந்தால் மறுநாள் விடியல் மறுபடியும் திறந்த வானம்.

இந்தக் கதையைச் சொல்லக்கூடிய செய்மதி எது என்பது முக்கியம். துருவங்களைச் சுற்றிவரும் செய்மதிகள் தாழப் பறப்பதால் மிகக் கூர்மையாகப் பார்க்கின்றன. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட தெராவும் 2002 மே மாதத்தில் ஏவப்பட்ட அக்குவாவும் சுமக்கும் மோடிஸ் கருவி 36 அலைவரிசைகளில் படமெடுக்கிறது, சிலவற்றில் 250 மீற்றர் நுணுக்கம் வரை காட்டுகிறது. 15 ஆண்டு மோடிஸ் படங்களை அடுக்கி, உலகம் முழுவதற்கும் 1 கிலோமீற்றர் நுணுக்கத்தில் மாதாந்த மேக வரைபடம் செய்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. ஒரு முகட்டின் இரு பக்கத்தையும் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அது. ஆனால் தெரா முற்பகல் 10.30 அளவிலும் அக்குவா பிற்பகல் 1.30 அளவிலும்தான் பல ஆண்டுகள் கடந்து போயின. நம் இடி மழை உச்சத்துக்கு வருவது மூன்று, நான்கு மணிக்கு. பகலில் இரண்டு தடவை மட்டும் எட்டிப் பார்க்கிறவருக்கு அது தெரியாது.

இதில் இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டிய நிலையில், இந்த இரு செய்மதிகளையும் பழைய நேரத்தில் கட்டி நிறுத்தும் வேலை அண்மைய ஆண்டுகளில் கைவிடப்பட்டது. தெரா கடக்கும் நேரம் 10.30க்கு முந்திப் போகிறது, அக்குவாவுடையது 1.30க்குப் பிந்திப் போகிறது. சமவெளி நாடொன்றுக்கு இது சிறு விடயமாக இருக்கலாம். மேகம் ஒன்பது மணிக்கு ஒரு அளவு, பத்தரைக்கு இரு மடங்கு என்று வளர்கிற மலைச்சரிவுக்கு அப்படியல்ல. தெராவின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு "மலையகத்தில் மேகம் குறைந்து வருகிறது" என்று ஒருவர் எழுதினால், குறைந்தது மேகமா, பார்க்கும் மணி முந்தியதா என்று முதலில் கேட்க வேண்டும். காலநிலை மாற்றத்தால் நம் மலைகளின் மேகம் மாறுகிறதா என்பது கவலையோடு கேட்க வேண்டிய கேள்வி. அதற்காகவே இந்தக் கண்டிப்பு தேவை.

நாள்கணக்கை முழுமையாகத் தருபவை நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தைப் பார்த்தபடி நிற்கும் புவிநிலைச் செய்மதிகள். 2014 ஒக்டோபரில் ஏவப்பட்ட ஜப்பானின் ஹிமாவாரி-8, 2022 டிசம்பரில் அதன் இடத்தை எடுத்துக்கொண்ட ஹிமாவாரி-9 ஆகியவை 10 நிமிடத்துக்கு ஒரு முழுப் படம் தருபவை. 2013இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-3டி அரை மணிக்கு ஒன்று தந்தது. அதே குடும்பத்தின் இன்சாட்-3டிஎஸ் 2024 பெப்ரவரியில் ஏவப்பட்டது. இந்து சமுத்திரத்தைப் பார்க்கும் ஐரோப்பாவின் மெற்றியோசற் 15 நிமிடத்துக்கு ஒன்று தருகிறது. இவற்றின் படங்களை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

மேகம் இருக்கும் இடமும் தெரியும் இடமும்

ஹிமாவாரி, இன்சாட், மெற்றியோசற் மூன்றும் ஒரே மேகத்தைப் பார்க்கும்போதும் மூன்று வெவ்வேறு இடங்களில் அதைக் காட்டுகின்றன. மலையகத்தில் செய்மதிப் படம் பார்க்கும் எவரும் முதலில் அறிய வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

ஹிமாவாரி நிற்பது 140.7 பாகை கிழக்கு நெடுங்கோட்டில், பசிபிக் பக்கம். நுவரெலியா இருப்பது 80.8 பாகைக்கு அருகில். 60 பாகை தள்ளி நின்று, பூமிப் பந்தின் ஓரத்தில் இருக்கும் நம்மை அது மிகச் சாய்வாகப் பார்க்கிறது. எட்ட நின்று சாய்வாகப் பார்ப்பவர் கண்ணுக்குக் கோவில் கொடிமரத்தின் உச்சி, பின்னாலுள்ள வீட்டுக் கூரையின் மேல் நிற்பதுபோலத் தெரியும் அல்லவா, அதேதான் இங்கேயும். மேகத்தின் உச்சி அது உண்மையில் நிற்கும் நிலத்துக்கு மேலே தெரியாமல், மேற்கே தள்ளித் தெரிகிறது. கணக்குப் போட்டால், 15 கிலோமீற்றர் உயர மேகம் ஒன்று ஹிமாவாரிப் படத்தில் 35 கிலோமீற்றருக்கு மேல் மேற்கே விலகி விழும். பதுளையிலிருந்து நுவரெலியா நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பதுளைக்கு மேல் நின்று கொட்டுகிற இடிமுகில் படத்தில் நுவரெலியாவையும் தாண்டி நிற்கும். பதுளைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு "நமக்கு இல்லை" என்று நினைத்துவிடலாம்.

45.5 பாகை கிழக்கில் நிற்கும் மெற்றியோசற் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. அதே மேகத்தை அது 13 கிலோமீற்றர் அளவுக்குக் கிழக்கே தள்ளிக் காட்டும். 82 பாகையில் நிறுத்தப்பட்ட இன்சாட்-3டி ஏறக்குறைய நம் தலைக்கு மேலே நின்றது. அங்கிருந்து பார்த்தால் விலகல் 2 கிலோமீற்றரைச் சுற்றித்தான் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்ற வேகத்துக்கு ஹிமாவாரியையும், எந்தச் சரிவு என்ற கேள்விக்கு 82 பாகைச் செய்மதியையும் நம்புவது நல்லது. நிலத்தின் உருவமே 10 கிலோமீற்றருக்குள் பள்ளத்தாக்கிலிருந்து முகட்டுக்கு மாறிவிடும் நாட்டில், விலகலைத் திருத்தாமல் கிராமசேவகர் பிரிவு வரைக்கும் மேகக் கணக்குச் சொல்வது ஆபத்தான துணிச்சல்.

தாழ்ந்த மேகத்தில் விலகல் குறைவு. 3 கிலோமீற்றர் உயரத்திலுள்ள மேகத்துக்கு ஹிமாவாரியில்கூட 7, 8 கிலோமீற்றர்தான். ஆனால் தாழ்ந்த மேகத்துக்கு வேறு தொல்லை இருக்கிறது. அதற்கு முன் பருவங்களைப் பார்த்துவிடலாம்.

கச்சான் வீசும் பக்கம்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதுகிறது. இந்தக் காலத்தில் மேற்குப் பக்கம் மேகத்தின் நாள்கணக்கு மங்கிப்போகிறது, இரவு பகல் பாராமல் மூடியே கிடக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகள் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை வாங்குவது இந்த மோதலால். நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் இருக்கும் நுவரெலியாவுக்கு அதில் பாதிகூட இல்லை. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் நிறைவதும் இந்த மாதங்களில்தான்.

ஈரத்தை மேற்கே கொட்டிவிட்டு முகட்டைத் தாண்டிய காற்று கிழக்கே ஊவாப் பக்கம் இறங்குகிறது. மேகமின்றி இறங்கும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை சூடாகிறது, வரண்டுபோகிறது. மட்டக்களப்பு வரை போய்க் கச்சான் என்று பெயர் வாங்கி வாட்டுவது இதே காற்று. செய்மதிப் படத்தில் முகட்டுக்குக் கிழக்கே மேகம் வெட்டுண்டதுபோல நிற்பதற்குக் காரணமும் இதுவே. ஊவாத் தேயிலையின் தரமான பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. காய்ந்த காற்றில் கொழுந்தின் வளர்ச்சி மந்தமாகி வாசனை செறிகிறது. மேற்குச் சரிவிலுள்ள டிம்புள்ளைப் பக்கத்துக்கு அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை, வடகீழ் பருவக்காற்றின் மேகத்தை முகடு கிழக்கிலேயே மறித்துவிடும் மாதங்களில். மேக வரைபடத்தையும் தேயிலை ஏலத்தின் நல்ல மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒத்துப்போகும்.

மேகம் மூடிய பக்கத்துக்கு வேறு விலை இருக்கிறது. 1946இல் இலங்கைத் தேயிலையில் காணப்பட்ட கொப்புள நோய் ஈரமும் வெயிலின்மையும் நீடித்தால் பரவுகிறது. நோயின் வேகத்தைக் கணிக்க மழையோடு சூரிய ஒளி மணிநேரத்தையும் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது அதனால்தான். சூரிய ஒளியை அளக்கும் நிலையங்கள் சில இடங்களில் மட்டுமே உண்டு. இடைப்பட்ட தோட்டங்களுக்குச் செய்மதியின் மேகக் கணக்கு அந்த இடைவெளியை நிரப்பக்கூடும். இந்தப் பயன்பாட்டுக்கு இங்கே இன்னும் அதிக கவனம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

மேகமின்மையும் எப்போதும் நன்மையல்ல. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா, அம்பேவலைப் பக்கம் இரவு வானம் முழுக்கத் திறந்தால் நிலத்தின் சூடு தடையின்றி மேலே போய்விடும். விடியலில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. தேயிலைத் தளிரும் மரக்கறிச் செடியும் கருகுகின்றன. இரவு பத்து மணிப் படத்தில் மேகம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது அந்தக் கிழமைகளில் விவசாயிக்கு நேரடியாக உதவும்.

ஒக்டோபர், நவம்பரில் இரண்டாம் இடைப்பருவம் வருகிறது. பிற்பகல் இடியோடு வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. சரிவுகள் ஊறிக் கனக்கும் காலம் இது. கொஸ்லந்தை, மீரியபெத்தவில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில்.

வெண்மை குறைந்த மேகமும் கொட்டும் மழையும்

இரவில் வெளிச்சம் இல்லை, ஆகவே செய்மதி அகச்சிவப்பில் பார்க்கிறது, அதாவது வெப்பநிலையைப் பார்க்கிறது. உயர்ந்த மேகத்தின் உச்சி பூச்சியத்துக்குக் கீழே 60, 70 பாகை வரை குளிர்ந்து கிடக்கும், படத்தில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். தாழ்ந்த மேகத்தின் உச்சி அவ்வளவு குளிர்ந்திருக்காது, சாம்பல் நிறமாகத் தரையோடு கலந்துவிடும். மலைநாட்டில் இந்தக் கலப்பு இன்னும் மோசம், ஏனென்றால் தரையே குளிர்ந்தது. 2000 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியின் இரவுத் தரையும், பக்கத்துப் பள்ளத்தாக்கை நிரப்பிய மூடுபனியின் உச்சியும் ஒரே வெப்பநிலையில் இருக்கலாம். தெளிந்த இரவில் தரை மேகத்தைவிடக் குளிர்ந்தும் போகலாம். 3.9 மைக்ரோன், 11 மைக்ரோன் என்ற இரு அலைவரிசைகளைக் கழித்துப் பார்த்தால் நீர்த்துளி மேகம் பிரிந்து தெரியும் என்பது பழகிப்போன உத்தி. நம் குறுகிய பள்ளத்தாக்குகளில், பல கிலோமீற்றர் அகலமான ஒரு படப்புள்ளிக்குள் பாதி மூடுபனி, பாதி தரை என்று அமைந்துவிட்டால் அந்த உத்தியும் தடுமாறும்.

தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இன்னொரு திரையும் விழுகிறது. தாழ்ந்த மேகம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும்போது, 15 கிலோமீற்றர் உயரத்தில் பலமான கீழைக்காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. வங்காள விரிகுடாவின் இடிமுகில்களிலிருந்து பிரிந்த மெல்லிய பனிமேகத்தை அது நம் தலைக்கு மேலே இழுத்துவரும். தொடர்படத்தை ஓடவிட்டால் இரண்டு அடுக்குகள் எதிரெதிராகப் போவதைக் காணலாம், பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி. மேலே போகிற அந்த வெள்ளையில் பெரும்பாலும் ஒரு துளி மழையும் இருக்காது. கீழே அது மறைத்திருக்கும் சாம்பல் மேகம்தான் வட்டவளையில் கொட்டிக்கொண்டிருக்கும்.

செய்மதியிலிருந்து மழையை மதிப்பிடும் பழைய முறைகள், உச்சி எவ்வளவு குளிரோ அவ்வளவு மழை என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. இடைப்பருவ இடிமழைக்கு அது பொருந்தும். மலையில் மோதி, சில கிலோமீற்றர் உயரத்துக்குள்ளேயே மழையாகிவிடும் பருவக்காற்று மேகத்துக்குப் பொருந்தாது. 1997இல் ஏவப்பட்ட டிஆர்எம்எம், 2014இல் ஏவப்பட்ட ஜிபிஎம் ஆகிய மழை அளக்கும் செய்மதிகள் ராடாரையே வானுக்குக் கொண்டுபோய் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. ஆனால் ராடார் பார்வை குறுகிய பட்டை. எப்போதாவதுதான் நம்மைக் கடக்கும். 2024 மே மாதத்தில் ஏவப்பட்ட ஏர்த்கெயார் செய்மதி, ராடாரோடு லேசரையும் சுமந்து மேகத்தைக் குறுக்காக வெட்டிப் பார்க்கிறது. எந்த உயரம் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த மிகச் சிறந்த கருவிகளில் ஒன்று, ஆனாலும் அதன் தடத்தில் மலையகம் அகப்படும் தருணங்கள் சொற்பமே.

ஆகவே மண்சரிவு எச்சரிக்கைக்குப் படத்தின் வெண்மையை நம்பக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை நிலைகளை 24 மணிநேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று மழைமானியை வைத்தே வகுத்திருக்கிறது. படத்தில் சாம்பல் நிறம் மட்டும் தெரிகிற ஜூன் இரவிலும் மழைமானி அந்த எல்லைகளைத் தாண்டலாம்.

மழைமானி என்று வரும்போது தோட்டங்களின் மழைப் புத்தகங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு காலையும் மழைமானியை ஊற்றி அளந்து எழுதிய ஏடுகள் சில தோட்டங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்தன. செய்மதிக் கணக்கு நம் சரிவுகளில் எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு பிழைக்கிறது என்பதை அளக்க அவற்றைவிட நல்ல அளவுகோல் கிடையாது. தோட்டங்கள் கைமாறும்போதும் பழைய அலுவலகங்கள் இடியும்போதும் அந்த ஏடுகள் காணாமல் போகக்கூடாது. அவற்றைப் படமெடுத்துச் சேமிக்க ஒரு கைப்பேசி போதும்.

மேகத்தின் உச்சியை மட்டுமே பெரும்பாலான செய்மதிகள் காண்கின்றன. அடி எங்கே முடிகிறது, மலையைத் தொடுகிறதா, தொட்டபடி எத்தனை மணிநேரம் நிற்கிறது என்பதைக் கீழிருந்து பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஹோட்டன் சமவெளியைச் சுற்றியுள்ள மேகக் காடுகள் இலையாலும் பாசியாலும் மேகத்திலிருந்து நேரடியாகவே நீரை வடித்தெடுக்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆறுகளின் தலைநீர்ப்பகுதி அது. அந்த வடிநீர் மழைமானியிலும் முழுதாகப் பதியாது, செய்மதியிலும் தெரியாது.

மாணவர்கள் செய்மதி கடக்கும் நேரத்தை ஒட்டி வானத்தைப் பார்த்துக் குறித்து அனுப்ப, அதைச் செய்மதித் தரவோடு பொருத்திப் பார்க்கும் வேலையைக் குளோப் என்ற பன்னாட்டுத் திட்டம் செய்துவருகிறது. அக்குவா விலகிப்போனாலும், 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபியும் அதன் பின் வந்த நோவா-20, நோவா-21 செய்மதிகளும் பிற்பகல் 1.30ஐ ஒட்டியே கடக்கின்றன. நம் பாடசாலைகள் விடுவதும் 1.30க்குத்தான். தோட்டப் பாடசாலை ஒன்றின் வாசலில் நின்று எதிர்மலை தெரிகிறதா, தெரியாவிட்டால் மேகம் எந்த லயம் வரை இறங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்ற மூன்றையும் பிள்ளைகள் ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதிவந்தால், ஓராண்டு முடிவில் அந்தச் சரிவுக்கு மேகத்தின் அடி உயரம் மாதவாரியாகக் கிடைத்துவிடும்.